ரெசின் வார்ப்பில் காற்றுக் குமிழி: எங்கிருந்து வருகிறது, எப்படித் தடுப்பது

நான் முதன்முதலில் ரெசினில், அதாவது அச்சில் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவத்தில், வார்த்தது ஒரு காய்ந்த ரோஜா மொட்டு. ஊற்றி முடித்தபோது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. லைட்டரால் மேலே ஒருமுறை சூடும் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் காலையில் அச்சை உரித்தால், மொட்டைச் சுற்றி வெள்ளி மணி கோத்த மாதிரி வரிசையாகக் குமிழிகள். இதழ் மடிப்புகளில் பதுங்கியிருந்த காற்று இரவெல்லாம் மெல்லக் கசிந்திருக்கிறது. வெளியேறுவதற்குள் ரெசின் இறுகிவிட, அது அங்கேயே நின்றுவிட்டது.

அதன்பிறகு எவ்வளவோ வார்த்தாயிற்று. சூடு காட்டுவது, ஊசியால் குத்துவது எல்லாம் கடைசி நேரத்துச் சில்லறை வேலைகள் என்பது இப்போது எனக்குப் பழகிப்போன விஷயம். குமிழி வருமா வராதா என்பதில் முக்கால்வாசி, ரெசின் அச்சுக்குள் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் ஊற்றுவதற்கு முந்தைய வேலைகளுக்குத்தான் இடம் அதிகம். பெரும்பாலும் எபாக்சி ரெசினைப் பற்றிப் பேசுகிறேன். யுவி ரெசினும் (புற ஊதா விளக்கில் இறுகும் வகை) பாலியூரித்தேன் ரெசினும் கடைசிப் பக்கம் வரும்.

குமிழி ஏன் தானாக மேலே வருவதில்லை

தண்ணீரில் குமிழி நொடியில் மேலே வந்துவிடுகிறது. ரெசினில் ஏன் வருவதில்லை? இரண்டு காரணம்: ரெசின் கெட்டியானது, குமிழி பொடியானது. குமிழி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி. திரவம் இரண்டு மடங்கு கெட்டியானால் வேகம் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். தண்ணீரைப்போல 500 மடங்கு கெட்டியான, ஓரளவு நீர்த்த ஒரு வார்ப்பு ரெசினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மில்லிமீட்டர் குமிழி ஒரு சென்டிமீட்டர் ஏறப் பத்து நொடிகூட ஆகாது. 0.1 மில்லிமீட்டர் குமிழிக்கு அதே தூரத்துக்குச் சுமார் கால் மணி நேரம். ரெசின் தண்ணீரைப்போல 3000 மடங்கு கெட்டி என்றால் கால் மணி, ஒன்றரை மணி நேரமாக நீளும். அந்த ரெசின் 40 நிமிடத்தில் இறுக ஆரம்பிக்கும் வகை என்றால் குமிழிக்குத் தப்பிக்க வழியே இல்லை. பெரிய குமிழியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது போய்விடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிதான் ஆளைக் கவிழ்க்கும்.

இதிலிருந்து நம் கையில் இருப்பவை மூன்று: ரெசினை நீர்க்கச் செய்வது, இறுகும் நேரத்தை நீட்டுவது, பொடிக் குமிழியை உண்டாக்காமல் இருப்பது.

எந்த ரெசின்

வார்ப்பு ரெசின் வேறு, மேசைப் பலகை, ஓவியம் ஆகியவற்றின் மேல் பூசும் பூச்சு ரெசின் வேறு. பூச்சு ரெசின் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் இறுகும், ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர் கனம்தான் ஊற்றலாம். அதை ஆழமான அச்சில் ஊற்றிவிட்டுக் குமிழி வருகிறதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை. வார்ப்பு ரெசின் நீர்த்து இருக்கும், மெதுவாக இறுகும், பல சென்டிமீட்டர் ஆழம் தாங்கும் வகைகளும் உண்டு. பாட்டில் லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள்: ஒரே தடவையில் ஊற்றக்கூடிய அதிகபட்ச ஆழம், கலந்தபின் கையாளக் கிடைக்கும் நேரம், கலவை விகிதம்.

அந்த ஆழத்தைத் தாண்டினால் இன்னொரு வகைக் குமிழி வரும். ரெசினும், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் திரவமும் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மொத்தையாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். நடுவில் நுரைத்து, மஞ்சளித்து, வெடிப்பும் விடும். கலந்த கப்பை அப்படியே மறந்து வைத்தால் புகையும் அளவுக்குக்கூடச் சூடாகும். மீந்ததை ஒரு பெரிய தட்டில் மெல்லிசாகப் பரப்பிவிடுவது நல்லது.

உள்ளே வைக்கும் பொருள்

என் மொட்டு சொதப்பிய இடம் இது. நுண்துளை உள்ள எல்லாமே காற்றுப் பை என்று நினைத்துக்கொள்ளுங்கள்: மரம், காய்ந்த பூ, காகிதம், துணி, சங்கு, மணல். ரெசின் ஊறும்போது அந்தக் காற்று வெளியே வந்தே தீரும். முதல் நாளே அதை வெளியேற்றி அடைத்துவிட வேண்டும்.

காய்ந்த பூ என்றால் உண்மையிலேயே காய்ந்திருக்க வேண்டும். தொட்டால் காகிதம் போலச் சலசலக்க வேண்டும். கொஞ்சம் குளிர்ச்சியாக, வளையும்படி இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரம் குமிழியையும் தரும், நாளாவட்டத்தில் பூவைப் பழுப்பாக்கவும் செய்யும். சிலிக்கா ஜெல்லில் புதைத்துக் காயவைத்தால் வடிவம் குலையாது.

காய்ந்தபின் நான் செய்வது இது. ஒரு சின்னக் கப்பில் கொஞ்சம் ரெசின் கலந்து, இதழை அதில் முக்கி, டூத்பிக்கால் பின்பக்கத்தை மெல்ல நீவுகிறேன். நரம்புகளின் ஓரமாகக் குட்டிக் குட்டிக் குமிழி கிளம்புவது கண்ணுக்கே தெரியும். அது நிற்கும்வரை நீவிவிட்டு, எடுத்து, சொட்டுவதை வழியவிட்டு, பாலித்தீன் தாளின் மேல் பரப்பி வைக்கிறேன். எபாக்சி பாலித்தீனில் ஒட்டாது, மறுநாள் சுலபமாக உரிந்து வரும். முழு மொட்டு என்றால் முக்கினால் போதாது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் ரெசினை எடுத்து, மடிப்புக்குள் அடியிலிருந்து மேலாக ஏற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மரத்துக்கு மெல்லிய ரெசின் பூச்சு ஒன்று முதலில். இதில் ஒரு நுணுக்கம்: மரம் சூடாகிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே தள்ளும், ஆறிக்கொண்டிருக்கும்போது சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். அதனால் மரத்தைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, ஆற ஆரம்பித்தபின் பூசுங்கள். பூசியதைக் கொண்டுபோய் வெயிலில் வைப்பது செய்யவே கூடாத காரியம். பூச்சு இறுகியபின் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக ஊசித்துளை இருந்தால் இன்னொரு பூச்சு.

புகைப்படம், காகிதம்: இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டு விளிம்பிலும், காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையை இரண்டு மூன்று தடவை பூசி முழுவதும் காயவிடுங்கள். விளிம்பை விட்டுவிட்டால் அங்கிருந்து எண்ணெய்க் கறை போல ரெசின் ஊறும், குமிழியும் கிளம்பும். சங்கு, குழிவான மணி போன்றவற்றுக்குக் குழியை மேல்பார்க்க வைத்து முதலில் ரெசினால் நிரப்பிவிட்டு, அப்புறம் அச்சில் இறக்க வேண்டும்.

அச்சு

சிலிக்கான் அச்சைக் கழுவினால் முழுக்கக் காயவிடுங்கள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருந்தாலும் அந்த இடம் வெளிறிப்போகும். ஊற்றும் முன் ஹேர் டிரையரால் அச்சை லேசாக வெதுவெதுப்பாக்குவது நல்ல பழக்கம்: ஈரமும் போகும், ரெசினும் மூலைமுடுக்குக்கு ஓடும்.

அச்சைக் கையில் எடுத்து, திரவம் எந்த வழியில் ஏறும், காற்று எங்கே மாட்டும் என்று ஒரு நிமிடம் பாருங்கள். எழுத்து வடிவம், கூர்மூலை, உள்ளே துருத்தும் பகுதி இவைதான் பொறிகள். அந்த இடங்களில் முதலில் ஒரு சிறு தூரிகையால் ரெசினைத் தடவிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சூடும் ஈரமும்

அறை வெப்பம் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருந்தால் வசதி. குளிர்ந்த ரெசின் தேன் போல இழுக்கும், கலக்கும்போது உள்ளே போன காற்றை விடவே விடாது. ஒருமுறை குளிர்ந்த அறையில் அவசரப்பட்டுக் கலந்ததில், வார்ப்பு முழுவதும் பனி மூட்டம் போல ஆகிவிட்டது.

பாட்டில் மூடியை இறுக்கமாக மூடி, 40 டிகிரி அளவு வெந்நீரில், அதாவது கை பொறுக்கும் சூட்டில், பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். எடுத்தபின் பாட்டிலை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்; ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் கெடுதல். ரெசின் பாட்டிலுக்கு இது போதும், ஹார்டனர் பொதுவாக முன்பே நீர்த்துத்தான் இருக்கும். குளிரில் ரெசின் கலங்கலாக, மணல் மணலாக உறைந்திருந்தாலும் இதே வெந்நீர் அதைத் தெளியவைக்கும்.

ஆனால் சூட்டுக்கு ஒரு விலை உண்டு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கையாளும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே வெதுவெதுப்பு போதும், கொதிக்கக் கூடாது. பெரிய அளவு ஊற்றும்போது வெந்நீரைத் தவிர்த்து அறைச் சூட்டிலேயே கலப்பதுதான் பாதுகாப்பு.

அளந்து கலப்பது

விகிதம் எடையிலா, கனஅளவிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரெசின் பொதுவாக ஹார்டனரைவிடக் கனமானது. கனஅளவில் 1:1 என்று சொன்னதைத் தராசில் 1:1 வைத்தால் ஹார்டனர் கூடிவிடும். பிசுபிசுப்பு வரும்.

கப்பின் ஓரத்தைத் தொட்டு வழியும்படி ஊற்றுங்கள், நடுவில் தொபுக்கென்று கொட்ட வேண்டாம். குச்சி தட்டையாக, வழவழப்பாக இருக்கட்டும். சிலிக்கான் குச்சி சிறந்தது. மரக் குச்சி தன் பங்குக்குக் காற்றை விடும்.

கலக்கும் முறையில்தான் பொடிக் குமிழி பிறக்கிறது. முட்டை அடிப்பது போல அடித்தால் கதை முடிந்தது. குச்சியின் முனை ரெசினை விட்டு வெளியே வராமல், அடியில் கோடு கிழிப்பது போல மெதுவாகச் சுற்றுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை சுவரையும் அடியையும் குச்சியையும் வழியுங்கள். முதலில் கண்ணாடிக்குள் புகை போல இழை இழையாகத் தெரியும். அந்த இழைகள் மறைந்து ஒரே தெளிவாகும் வரை, குறைந்தது மூன்று நிமிடம் முதல் ஐந்து நிமிடம். குமிழிக்குப் பயந்து ஒரு நிமிடத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது பெரிய தப்பு. சரியாகக் கலக்காத ரெசின் இறுகவே இறுகாது. குமிழியோடு இறுகிய வார்ப்பாவது பார்க்க ஒரு பொருளாக இருக்கும்.

அப்புறம் வேறொரு சுத்தமான கப்புக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருக்கும் கலவாத பகுதி இதனால் தங்கிவிடும். இதே காரணத்துக்காக, ஊற்றும்போது கப்பின் அடியைச் சுரண்டி அச்சில் போடாதீர்கள்.

நிறம் சேர்ப்பதாக இருந்தால் திரவ நிறம் சுலபம். மைக்கா பவுடர் போன்ற தூள்கள் துகளுக்குத் துகள் காற்றைச் சுமந்து வரும். தூளைச் சில சொட்டு ரெசினில் குழைத்து விழுதாக்கி, பிறகு மொத்தத்தில் சேருங்கள். நீர் கலந்த பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

கலந்ததைக் கையாளும் நேரம் நீளமான ரெசின் என்றால் ஐந்து, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கப்பின் மேலே குமிழி கூட்டமாக வந்து சேரும், கப்பை மேசையில் மெல்லத் தட்டினால் இன்னும் வரும். சீக்கிரம் இறுகும் ரெசினில் இந்தச் சொகுசு கிடையாது. அதுவும் கப்பில் மொத்தையாக நிற்கும்போது இன்னும் வேகமாக இறுகும் என்பதை மறக்க வேண்டாம். இவ்வளவு நேரமும் கையில் நைட்ரைல் கையுறை இருக்க வேண்டும், அறையில் காற்றோட்டம் வேண்டும். எபாக்சி பலமுறை தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையாக மாறினால் அது பிறகு போகாது.

ஊற்றுவது

ஒரே மூலையில், நூல் போல மெல்லிய ஓட்டமாக ஊற்றுங்கள். கப்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் ஓட்டம் நீண்டு மெலியும், அதில் வரும் குமிழிகள் நீட்டப்பட்டு உடையும். மிக உயரமாகப் போனால் ஓட்டம் மடிந்து மடிந்து விழுந்து புதிதாகக் காற்றைச் சேர்க்கும். கீழே கயிறு சுருள்வது போலத் தெரிந்தால் கையைத் தாழ்த்துங்கள். ரெசின் அந்த ஒரு மூலையிலிருந்து தானாகப் பரவி, காற்றை முன்னே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கொன்று இங்கொன்றாக ஊற்றினால் இரண்டு அலை சந்திக்கும் இடத்தில் காற்று சிறைப்படும். ஆழமான அச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, நிரம்ப நிரம்ப நிமிர்த்துவது உதவும்.

பொருள் பதிப்பதாக இருந்தால் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். முதல் அடுக்கு பாகுப் பதத்துக்கு வந்ததும் அதன்மேல் கொஞ்சம் புது ரெசினைத் தடவி, பொருளின் ஒரு விளிம்பை முதலில் தொடவைத்து, மறுமுனையை மெதுவாகச் சாயுங்கள். புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும்போது ஒரு ஓரத்திலிருந்து நீவிக்கொண்டு வருவோமே, அதே முறை. தட்டையாக ஒரேயடியாக வைத்தால் அடியில் காற்றுத் தகடு மாட்டிக்கொள்ளும். முதல் அடுக்கு முழுவதும் இறுகிவிட்டது என்றால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு அடுத்ததை ஊற்ற வேண்டும்.

ஊற்றி முடித்ததும் டூத்பிக்கால் அச்சின் உள்சுவர், மூலைகளை ஒரு சுற்று வருடிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழி கழன்று மேலே வரும்.

இப்போது சூடு

ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்தில், எந்த இடத்திலும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி. பொடிக் குமிழி மேலே வந்து சேர நேரமாகும் என்று முன்பே கணக்குப் பார்த்தோம், அதனால் முதல் அரைமணி கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே இருங்கள். ரெசின் ஜெல்லியாகத் திரள ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும்; அதன்மேல் சூடு பட்டால் தோல் சுருங்கும், உடைந்த குமிழியின் குழி மூடாமல் ஊசித்துளையாக நின்றுவிடும்.

சாதாரண லைட்டரின் மஞ்சள் சுடர் கரி படியவைக்கும். சுடர்தான் வேண்டும் என்றால் நீலச் சுடர் வரும் சின்ன டார்ச். சிலிக்கான் விளிம்பில் சுடர் பட்டால் அச்சு சீக்கிரம் கிழியும். சிலர் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மேலே பீய்ச்சிக் குமிழியை உடைக்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் சில ரெசினில் மங்கலான தடம் விடுகிறது. நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆல்கஹாலும் சுடரும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

பிறகு தூசி விழாமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

கருவி வாங்கலாமா

அடிக்கடி வார்ப்பவர்களுக்கு பிரஷர் பாட், அதாவது அச்சை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் ஏற்றும் பாத்திரம், ஒரு வரம். அது குமிழியை வெளியேற்றுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுக்குகிறது. வழக்கமாக 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). 60 பிஎஸ்ஐ என்றால் வளிமண்டலத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு அழுத்தம், குமிழியின் கனஅளவு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும், ஓரளவு ரெசினிலேயே கரைந்தும் போகும். முழுவதும் இறுகும்வரை அழுத்தத்தை இறக்கக் கூடாது, இறக்கினால் குமிழி பழையபடி ஊதிக்கொள்ளும். சிலிக்கான் அச்சையும் அதே அழுத்தத்தில் வார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சின் சுவருக்குள் இருக்கும் குமிழிகள் நசுங்கி, வார்ப்பின் மேல் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். பாத்திரம் அந்த அழுத்தத்துக்கென்றே தயாரித்ததாக, பாதுகாப்பு வால்வுடன் இருக்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம்.

வேக்குவம் சேம்பர் நேர் எதிர்: காற்றை இழுத்து வெளியேற்றும். ரெசின் பல மடங்கு நுரைத்து ஏறித்தான் அடங்கும், ஆகவே கப்பில் கால்வாசிதான் இருக்கலாம். மெதுவாக இறுகும் ரெசினுக்கு மட்டும் ஒத்துவரும். வீட்டுக் கண்ணாடி ஜாடியைச் சேம்பராக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்நோக்கி வெடிக்கும். மாதம் ஒரு வார்ப்பு என்றால் என் கணக்கில் இரண்டுமே தேவையில்லை.

யுவி, பாலியூரித்தேன்

யுவி ரெசினில் கலப்பது இல்லை, பாட்டிலைக் குலுக்குவதுதான் எதிரி. குலுக்காதீர்கள். தீரப்போகும் பாட்டிலை அழுத்திப் பிழிந்தாலும் காற்றோடுதான் வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அடுக்காக ஊற்றி, விளக்கு படாத இருட்டில் சில நிமிடம் வைத்து, மேலே வந்ததைக் குத்திவிட்டுப் பிறகு விளக்குக்குக் கொண்டுபோங்கள்.

பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் ஜென்மப் பகை. தண்ணீரோடு சேர்ந்தால் அதுவே கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கி நுரைக்கும். காற்றின் ஈரமே போதும், திறந்து வைத்த பாட்டில் கெட்டது. மரக் குச்சியும் காகிதக் கப்பும் ஈரம் சுமப்பவை, பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துங்கள். சில நிமிடங்களில் இறுகும் வகைகளில் குமிழி ஏறவே நேரமில்லை, பிரஷர் பாட் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். அது இல்லாதவர்கள், நிறம் சேர்த்த வார்ப்பு என்றால், அச்சில் டால்கம் பவுடரைத் தூவி ஊதிவிட்டு ஊற்றலாம். விளிம்புக் குமிழி நன்றாகக் குறையும்.

வந்துவிட்டதே, என்ன செய்ய

முதலில் குமிழி எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எங்கும் பனி போலப் பொடியாகப் பரவியிருந்தால் குளிர்ந்த ரெசின் அல்லது வேகமாகக் கலக்கியது. பொருளை ஒட்டிச் சரமாக இருந்தால் பொருளை அடைக்காத குறை. மூலையிலும் அடிமுகத்திலும் குழியாக இருந்தால் ஊற்றிய விதம். நடுவில் நுரையும் மஞ்சளும் என்றால் ஆழம் அதிகம். அடுத்த வார்ப்பில் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், நாலையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

மேற்பரப்புக் குழியைச் சரிசெய்யலாம். குழியின் வாயை மெல்லிய துளையிடும் ஊசியால் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், குறுகிய வாயில் ரெசின் இறங்காது. 220 எண் உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலரவிட்டு, டூத்பிக் முனையால் ரெசினைக் குழியின் அடியிலிருந்து நிரப்புங்கள். மட்டத்துக்குச் சற்று மேலே திரண்டு நிற்கட்டும், இறுகும்போது கொஞ்சம் இறங்கும். பின்பு 400இல் தொடங்கி 2000 வரை ஈரத்தில் தேய்த்து மெருகு. ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது. உலர்வாகத் தேய்ப்பதாக இருந்தால் முகமூடி கட்டாயம். ஆழத்தில் இருக்கும் குமிழியைத் துளையிட்டு எடுக்க நினைத்தால், துளையின் சுவரில் துளி தூசி தங்கினாலும் அடைத்த இடம் தூண் போலத் தெரியும். தெளிவான வார்ப்பில் நான் அதைத் தொடுவதில்லை. பின்பக்கம் நிறம் பூசப்போகும் வார்ப்பு என்றால் மட்டும் பின்னாலிருந்து துளையிட்டு நிரப்புகிறேன்.